தொலைபேசி வழி இணைய இணைப்பு: லினக்ஸ் கணினியில் மொடெமின் பழுதுகளை இனங்காணல்

கணினி வலையமைப்பு பற்றிய அலகில் மொடெம் என்பதன் வரைவிலக்கணத்தை எழுதிப் புள்ளி பெறுவது கடினமன்று. “மொடெம் பொருத்தப்பட்டுள்ளது, ஆயினும் இணைப்பு ஏற்படவில்லை. காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?” என்று வினா சற்றுத் திரும்பும்போதே இடர்ப்பாடு தோன்றுகிறது. மனனம் செய்த வரைவிலக்கணம் அவ்விடத்தில் உதவாது. இணைப்பு எந்த ஒழுங்கில் ஏற்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டவர் மட்டுமே விடை எழுதலாம். இக்கட்டுரை அவ்வொழுங்கைப் படிப்படியாக விளக்குகிறது.

டயல் அப் எனப்படும் தொலைபேசி வழி இணைப்பு இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தனது டயல் அப் சேவையை 2025 செப்டெம்பர் 30 இல் நிறுத்தியது. எனினும் இதனைக் கற்பதிற் பயன் உண்டு. தரவுத் தொடர்பாடலின் ஒவ்வொரு படியையும் கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் அறியக்கூடிய இணைப்பு இது. இதிற் பழுது தேடப் பழகியவர் எந்த வலையமைப்பிலும் பழுது தேடலாம்.

(குறிப்பு: கட்டளைகளும் கோப்புகளின் பெயர்களும் இங்கு உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலே தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்தல் வேண்டும்.)

1. இணைப்பு ஏற்படும் ஒழுங்கு

கணினி 0, 1 ஆகிய இலக்கமுறைச் சைகைகளைப் பயன்படுத்துகிறது. பழைய தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. அது ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன் கொண்ட ஒப்புமைச் சைகைகளையே கொண்டுசெல்லும். இலக்கமுறைச் சைகையை ஒப்புமைச் சைகையாக மாற்றுதல் பண்பேற்றம் எனப்படும். மறுமுனையில் அதனை மீண்டும் இலக்கமுறைக்கு மாற்றுதல் பண்பிறக்கம் எனப்படும். இவ்விரண்டையும் செய்யும் சாதனமே மொடெம் ஆகும்.

1998 இல் வந்த வி.90 நியமத்தின்படி, இணையத்திலிருந்து கணினிக்குத் தரவு வரும் உச்ச வேகம் செக்கனுக்கு 56,000 பிட் ஆகும். 1 மெகாபைற் அளவுள்ள கோப்பில் 1024 × 1024 × 8 = 8,388,608 பிட் உண்டு. இதனை 56,000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 150 செக்கன் வரும். அதாவது, உச்ச வேகம் கிடைத்தாற்கூட இரண்டரை நிமிடம் வேண்டும். தொலைபேசிக் கட்டணமோ அழைப்பு நீடிக்கும் நேரத்திற்கேற்ப ஏறும். ஆகவே காரணம் அறியாமல் மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்ப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

இணைப்பு பின்வரும் ஆறு படிகளில் ஏற்படுகிறது.

(அ) லினக்ஸ் பணிசெயல் முறைமை மொடெமைக் காணல்.
(ஆ) மொடெம் கட்டளைக்கு விடையளித்தல்.
(இ) டயல் தொனியைக் கேட்டு எண்ணை அழைத்தல்.
(ஈ) இரு முனைகளிலும் உள்ள மொடெம்கள் ஒன்றோடொன்று இணங்குதல்.
(உ) பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை ஏற்கப்பட்டு ஐ.பி. முகவரி கிடைத்தல்.
(ஊ) தரவு செல்லும் வழியும், இணையத்தளப் பெயரை முகவரியாக மாற்றும் ஒழுங்கும் அமைதல்.

ஒரு படி வெற்றியளித்தாலே அடுத்த படி தொடங்கும். எனவே பழுது தேடுபவர் தம்மிடமே கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: இறுதியாக வெற்றியளித்த படி எது? முதலாவதாகத் தவறிய படி எது? பழுது இவ்விரண்டிற்கும் இடையிலேயே உள்ளது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து ஆகும்.

2. ஒவ்வொரு படியிலும் தோன்றும் பழுதுகள்

படி (அ): மொடெமைக் காணல்

விண்டோஸில் கொம் 1, கொம் 2 என அழைக்கப்படும் தொடர் துறைகள் லினக்ஸில் ரி.ரி.வை.எஸ்.0, ரி.ரி.வை.எஸ்.1 எனப் பெயர் பெறும். இவை டெவ் என்னும் கோப்புறையில் இருக்கும். லினக்ஸில் எண்ணல் 0 இலிருந்து தொடங்குவதை மறந்து, கொம் 1 இற்குப் பதிலாக ரி.ரி.வை.எஸ்.1 ஐக் குறிப்பிடுவது பொதுவான தவறாகும். யூ.எஸ்.பி. வகை மொடெம் பெரும்பாலும் ரி.ரி.வை.ஏ.சி.எம்.0 எனத் தோன்றும்.

கணினியின் உள்ளே பொருத்தப்படும் மலிவான மொடெம்கள் பலவற்றில் வேறொரு சிக்கல் உண்டு. வெளியே வைக்கும் தொடர் துறை மொடெமில் சைகைகளைக் கையாளும் சில்லு முழுமையாக இருக்கும். வின்மொடெம் எனப்படும் மலிவு வகையில் அவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் மையச் செயலி மென்பொருள் மூலம் செய்யும். அம்மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் லினக்ஸில் மொடெம் பேசாது. இங்கு மொடெம் பழுதடையவில்லை. அதற்குரிய செலுத்தி மென்பொருளே இல்லை. லூசென்ற், கொனெக்சன்ற் முதலிய சில்லுகள் சிலவற்றுக்கு லினக்ஸ் செலுத்திகள் இருந்தன. ஆயினும் தொடர் துறையில் இணைக்கும் வெளி மொடெமையே லினக்ஸ் பயனர்கள் பெரிதும் விரும்பினர்.

அனுமதியும் இப்படியைச் சேர்ந்ததே. ரூட் என்னும் தலைமைப் பயனராக நுழைந்தால் இணைப்புக் கிடைக்கிறது, சாதாரணப் பயனராக நுழைந்தால் “அனுமதி மறுக்கப்பட்டது” என வருகிறது என்றால், வன்பொருளில் குறை இல்லை. அப்பயனரை டயல்அவுற் என்னும் குழுவிலே சேர்க்க வேண்டும். சில லினக்ஸ் வெளியீடுகளில் இக்குழுவின் பெயர் யூ.யூ.சி.பி. ஆகும். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் நுழைந்தாலே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

படி (ஆ): மொடெம் விடையளித்தல்

மினிகொம் என்னும் மென்பொருளைத் திறந்து, ஏ.ரி. என்னும் இரண்டு எழுத்துகளைத் தட்டி நுழைவு விசையை அழுத்துக. ஓ.கே. என விடை வந்தால் மொடெமும் வடமும் துறையும் நல்ல நிலையில் உள்ளன. விடை வராவிடின் மொடெமின் மின் வழங்கல், வடம், துறையின் பெயர் ஆகியவற்றை இதே ஒழுங்கிற் சோதிக்க.

ஏ.ரி. கட்டளைகள் 1981 இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மொடெம் என்னும் சாதனத்துடன் அறிமுகமாகிப் பின்னர் ஏனைய உற்பத்தியாளர்களாலும் பின்பற்றப்பட்டன. இச்சோதனைக்கு அழைப்பு எடுக்கத் தேவையில்லை, செலவும் இல்லை. ஆகவே இதனை எப்பொழுதும் முதலிற் செய்க.

படி (இ): எண்ணை அழைத்தல்

ஏ.ரி.டி.ரி. என்னும் கட்டளையை அடுத்து எண்ணைக் கொடுத்தால் மொடெம் அழைக்கும். இறுதியிலுள்ள ரி. என்பது தொனி முறையைக் குறிக்கும். துடிப்பு முறையில் இயங்கிய பழைய இணைப்பகங்களுக்கு ஏ.ரி.டி.பி. பயன்பட்டது. மொடெம் தரும் செய்திகள் வருமாறு:

நோ டயல்ரோன்: டயல் தொனி கேட்கவில்லை. கம்பி கழன்றிருக்கலாம். அல்லது மொடெமின் லைன் என்னும் குதையிற் செருக வேண்டிய கம்பி போன் என்னும் குதையிற் செருகப்பட்டிருக்கலாம்.
பிசி: எதிர்முனை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. சற்றுப் பொறுத்து அழைக்க.
நோ ஆன்சர்: மணி அடிக்கிறது, எவரும் எடுக்கவில்லை. எண் சரியா எனப் பார்க்க.

அலுவலகங்களில் பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் உள்ளிணைப்பகம் இருந்தால், அதன் தொனி வேறுபட்டிருக்கும். மொடெம் அதனை டயல் தொனியாக ஏற்காமல் நின்றுவிடலாம். ஏ.ரி.எக்ஸ்3 என்னும் கட்டளை, தொனிக்காகக் காத்திராமல் அழைக்குமாறு மொடெமைப் பணிக்கும். வெளி இணைப்புக்கு 0 அழுத்த வேண்டுமாயின் எண்ணுக்கு முன்னே 0 ஐயும் ஒரு காற்புள்ளியையும் இடுக. காற்புள்ளி ஒன்றுக்கு மொடெம் வழமையாக 2 செக்கன் தாமதிக்கும்.

படி (ஈ): மொடெம்கள் இணங்குதல்

அழைப்பு எடுக்கப்பட்டதும் கீச்சொலியும் இரைச்சலும் கேட்கும். இரு மொடெம்களும் எந்த வேகத்தில், எந்த முறையிற் பேசுவது என இணங்கும் ஒலியே அது. இது கைகுலுக்கல் எனப்படும். வெற்றியளித்தால் கனெக்ற் என்னும் செய்தி தோன்றும். அதனுடன் பெரும்பாலும் வேகமும் காட்டப்படும். தவறினால் நோ கரியர் என வரும்.

நோ கரியர் வரும்போது, அதே கம்பியிலே தொலைபேசியைப் பொருத்திக் காதிலே வைத்துக் கேட்க. கரகர என்னும் இரைச்சல் இருந்தால் குறை கம்பியிலே உள்ளது. ஒரே இணைப்பில் வேறு அறையிலுள்ள தொலைபேசியை யாரேனும் எடுத்தாலும் இணைப்பு அறுபடலாம். காதும் ஒரு சோதனைக் கருவியே.

படி (உ): பி.பி.பி. நடப்பொழுங்கு

இதுவரை நடந்தது மொடெமின் வேலை. இதன் பின்னர் பி.பி.பி. என்னும் நடப்பொழுங்கு வேலையைப் பொறுப்பேற்கும். இரு கணினிகள் தரவு பரிமாறுவதற்கான விதிகளின் தொகுதியே நடப்பொழுங்கு ஆகும். பி.பி.பி. இற்குரிய நியம ஆவணமான ஆர்.எவ்.சி. 1661 ஆனது 1994 இல் வெளியானது. லினக்ஸில் இதனை பி.பி.பி.டி. என்னும் மென்பொருள் செய்கிறது.

பயனரை உறுதிசெய்ய இரண்டு முறைகள் உண்டு. பாப் முறையிற் கடவுச்சொல் உள்ளபடியே அனுப்பப்படும். சாப் முறையிற் கடவுச்சொல் அனுப்பப்படாது. அதிலிருந்து கணித்த பெறுமானமே அனுப்பப்படும். எனவே சாப் கூடுதற் பாதுகாப்பானது.

பி.பி.பி.டி. நின்றுபோகும்போது தான் நின்ற காரணத்தை ஓர் எண்ணாற் குறிக்கும். முக்கியமானவை:

7: தொடர் துறையைத் திறக்க முடியவில்லை.
8: எண்ணை அழைக்கும் பகுதி தோல்வியுற்றது.
10: இரு முனைகளும் பி.பி.பி. இல் இணங்கவில்லை.
16: மொடெம் இணைப்பை அறுத்தது.
19: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை.

7 வந்தால் படி (அ) இற்கும், 8 வந்தால் படி (இ), (ஈ) ஆகியவற்றுக்கும் திரும்புக. 19 வந்தால் மொடெமைத் தொடவே வேண்டாம்; கடவுச்சொல்லைப் பார்க்க. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை நினைவிற் கொள்க. இச்செய்திகள் முறைமைப் பதிவேட்டுக் கோப்பில் நேரத்துடன் பதியப்படும்.

படி (ஊ): வழியும் பெயரும்

ஐ.பி. முகவரி கிடைத்தும் இணையத்தளம் திறக்கவில்லையா? பிங் என்னும் கட்டளையால் ஓர் இணையச் சேவையகத்தின் எண் முகவரியைச் சோதிக்க. மறுமொழி வந்தால் வழி சரி. பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். ஒழுங்கிலேயே குறை. ஈ.ரி.சி. கோப்புறையிலுள்ள ரிசோல்வ்.கொன்ப் என்னும் கோப்பில் டி.என்.எஸ். சேவையகத்தின் முகவரி உண்டா எனப் பார்க்க.

எண் முகவரிக்கும் மறுமொழி வராவிடின் வழியிலே குறை இருக்கலாம். கணினியில் உள்ள வலையமைப்பு அட்டைக்கு ஏற்கெனவே இயல்புநிலை வழி ஒன்று அமைக்கப்பட்டிருந்தால், பி.பி.பி.டி. வழமையாக அதனை மாற்றாது. தரவு தொலைபேசிப் பக்கம் செல்லாமல் அட்டையின் பக்கமே செல்லும். அவ்வழியை நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க வேண்டும்.

3. ஒரு நிலைமையைக் கருதுவோம்

2004 ஆம் ஆண்டளவில் ஒரு பாடசாலை எனக் கொள்க. மாணவர் போட்டி ஒன்றுக்கான விபரங்களை அன்று பிற்பகல் 4 மணிக்கு முன் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கணினிக் கூடத்தில் லினக்ஸ் கணினி ஒன்றும் வெளி மொடெம் ஒன்றும் உள்ளன. அலுவலகத் தொலைபேசி இணைப்பை அரை மணி நேரத்துக்கு மட்டும் அதிபர் தந்துள்ளார். முதல் முயற்சி தோல்வியடைகிறது.

“ரீச்சர், மொடெம் பழுது. லினக்ஸையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவோம்” என்கிறான் மாணவன் ஒருவன்.

“பொறுங்கள் பிள்ளை. கணினி என்ன சொல்கிறது என்று முதலில் வாசியுங்கள்” என்கிறார் ஆசிரியை.

திரையில் நோ டயல்ரோன் என உள்ளது. ஏ.ரி. என்று தட்டியபோது ஓ.கே. வந்தது. ஆகவே படி (அ), (ஆ) இரண்டும் சரி, மொடெம் பழுதன்று. அதே கம்பியிலே தொலைபேசியைப் பொருத்திக் கேட்டபோது தொனி கேட்டது. ஆனால் அது உள்ளிணைப்பகத்தின் தொனி. எக்ஸ்3 கட்டளையையும் 0 ஐயும் காற்புள்ளியையும் சேர்த்தனர்.

இரண்டாவது அழைப்பில் கனெக்ற் 31200 என வந்தது. சில செக்கன்களில் இணைப்பு அறுந்தது. பதிவேட்டில் இருந்த எண் 19. கடவுச்சொல் தாளிலே கையால் எழுதப்பட்டிருந்தது. அதிலுள்ள ஒரு குறி 1 என்னும் இலக்கமன்று, எல் என்னும் சிறிய ஆங்கில எழுத்து என்பது கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது.

மூன்றாவது அழைப்பில் ஐ.பி. முகவரி கிடைத்தது. ஆனால் மின்னஞ்சற் பக்கம் திறக்கவில்லை. சேவை வழங்குநர் தந்த டி.என்.எஸ். சேவையகத்தின் எண் முகவரிக்குப் பிங் செய்தபோது மறுமொழி வந்தது. ரிசோல்வ்.கொன்ப் கோப்போ வெறுமையாக இருந்தது. அம்முகவரியை அதில் எழுதியதும் பக்கம் திறந்தது. விபரங்கள் உரிய நேரத்தில் அனுப்பப்பட்டன.

இங்கு கவனிக்க வேண்டியது யாது? பழுதுகள் மூன்று, அவை மூன்று வெவ்வேறு படிகளில் இருந்தன. மாணவன் கூறியவாறு லினக்ஸை அழித்து நிறுவியிருந்தால் அரை மணி நேரமும் அதிலேயே கழிந்திருக்கும். அதன் பின்னரும் உள்ளிணைப்பகத்தின் தொனி மாறியிராது. தாளிலிருந்த எழுத்தும் மாறியிராது. மேலும், முதலாவது பழுதைத் திருத்தியதும் புதிய செய்தி வந்தபோது “இன்னும் சரிவரவில்லை” என்று அவர்கள் சோர்ந்துவிடவில்லை. செய்தி மாறியதே முன்னேற்றத்தின் அடையாளம் எனக் கொண்டனர்.

4. பழுது தேடும்போது பின்பற்ற வேண்டியவை

1. எதையும் மாற்றுமுன் திரையிலுள்ள செய்தியை எழுதிக்கொள்க.
2. ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பழுதைத் தீர்த்தது என்பது தெரியாது.
3. செலவில்லாத சோதனைகளை முதலிலும், அழைப்பு வேண்டிய சோதனைகளை அடுத்தும் செய்க.
4. பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்கு மீட்டபின்பே அடுத்ததைச் செய்க.
5. எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுதல் இறுதி வழியே அன்றி முதல் வழியன்று.

5. இன்றும் இதன் பயன்

மொடெமின் கீச்சொலி மறைந்தாலும் மேற்கூறிய பகுதிகள் முற்றாக மறையவில்லை. பல ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளில் ஈதர்நெற் வழி பி.பி.பி. என்னும் வடிவத்தில் அதே நடப்பொழுங்கு பயன்பட்டது. கையடக்கத் தொலைபேசி வலையமைப்பைப் பயன்படுத்தும் யூ.எஸ்.பி. மொடெம்கள் பலவும் ஏ.ரி. கட்டளைகளுக்கு விடையளிப்பவை. வீட்டில் வைஃபை சைகை முழுமையாகத் தெரிந்தும் பக்கம் திறக்காதபோது, “முகவரி கிடைத்ததா? எண் முகவரி மறுமொழி தருகிறதா? பெயர் மாறுகிறதா?” என்றே இன்றும் கேட்கிறோம்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: லினக்ஸ் கணினி ஒன்றில் பின்வரும் நிலைமைகள் ஒவ்வொன்றுக்கும் பழுது பெரும்பாலும் எங்கே உள்ளது எனக் காரணத்துடன் குறிப்பிடுக.
(i) ஏ.ரி. கட்டளைக்கு விடை இல்லை.
(ii) கனெக்ற் செய்தி வந்தபின் 19 என்னும் எண்ணுடன் இணைப்பு நின்றது.
(iii) எண் முகவரிக்குப் பிங் மறுமொழி தருகிறது; இணையத்தளப் பெயருக்குத் தரவில்லை.

விடை:
(i) மின் வழங்கல், வடம், துறையின் பெயர் ஆகியவற்றில் ஒன்று. கட்டளை மொடெமை அடையவில்லை, அல்லது விடை திரும்பவில்லை. உள் மொடெமாயின் அதற்குரிய செலுத்தி இல்லாதிருக்கலாம்.
(ii) பயனர் பெயர் அல்லது கடவுச்சொல். கனெக்ற் வந்தமையால் மொடெமும் தொலைபேசிக் கம்பியும் தத்தம் வேலையைச் செய்துள்ளன.
(iii) டி.என்.எஸ். அமைப்பு. எண் முகவரி மறுமொழி தந்தமையால் இணைப்பும் வழியும் சரியாக உள்ளன.

விடைகளைக் கூர்ந்து நோக்குக. ஒவ்வொன்றும் பழுதை மட்டுமன்றி, அதற்குச் சான்றாக அமைந்த குறியையும் கூறுகிறது. வெற்றியளித்த படியைச் சுட்டிக்காட்டி, “ஆகவே பழுது இதற்கு அப்பால் உள்ளது” என எழுதப் பழகுங்கள். “மொடெம் பழுது” என்று இரண்டு சொல்லில் எழுதும் விடைக்கும் காரணத்துடன் எழுதும் விடைக்கும் உள்ள வேறுபாடு புள்ளிகளில் மட்டுமன்றி, நாளை நீங்கள் ஒரு கணினியின் முன் அமரும்போதும் தெரியும்.